கோழி சொன்ன நேரம்

வெந்நீர்ப் பையை முழுக்க நிரப்பக் கூடாது. முக்கால் பங்கு ஊற்றி, நிமிர்த்திப் பிடித்து, பையின் வயிற்றில் மெல்ல அமுக்கி, தண்ணீர் வாய்வரை ஏறி வந்ததும் மூடியைத் திருக வேண்டும். உள்ளே காற்று நின்றால் பை உப்பிக்கொண்டு தோளில் உட்காராது, வழுக்கி விழும். பிறகு பழைய பருத்தித் துணி ஒன்றில் சுற்ற வேண்டும். புதுத் துணி உறுத்தும்.

இதையெல்லாம் புதிதாக வருகிற குடும்பத்தாருக்கு எடுத்துச் சொல்லும்படி பிசியோ மேடம் என்னிடம் கேட்டிருக்கிறார். தீராத வலிக்காரர்களுக்குப் பயிற்சி தரும் இடம் அவருடையது. அவர்கள் வீட்டு ஆட்களுக்கும் தனியாக வகுப்பு உண்டு. "நீங்க வந்து பேசுங்க சார். உங்களை மாதிரி ஒருத்தர் வீட்டுல இருந்தா பாதி வலி தன்னால போயிடும்" என்றார். சரி என்று தலையாட்டினேன். ஆட்டும்போது காது மடல் இரண்டும் சுட்டன. அங்கே பேச வேண்டியதை மனதில் தயார் செய்துவிட்டேன். அங்கே பேச முடியாததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

கடைகளில் இருக்கும் தராசுகளைச் சரிபார்ப்பதும் பழுதுபார்ப்பதும் என் தொழில். நான் உள்ளே நுழைந்ததும் ஒரு கடைக்காரர் தேவைக்கு மேல் உபசரித்தால், அந்தத் தராசில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று அர்த்தம். ஒரு முறை ஒரு கடையில் தட்டுக்கு அடியில் ஈயத் துண்டு ஒன்றைப் பற்றவைத்திருந்தார்கள். வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே அதைப் பெயர்த்தெடுத்து மேசைமேல் வைத்தேன். அந்தக் கடைக்காரர் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். அன்று வீட்டுக்கு வந்து என் மனைவியிடம் அதை ஒரு வீரக் கதையாகச் சொன்னேன். அவளும் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

அவள் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்த்தவள். அச்சைப் பார்த்து மெழுகில் ஒவ்வொரு பல்லாக நடுவது, தேய்ப்பது, மினுக்குவது எல்லாம் அவள் கைதான். பஸ்ஸில் போகும்போது எதிரே உட்கார்ந்திருப்பவர் சிரித்தால் என் விலாவில் இடிப்பாள். "அது எங்க லேப் சிரிப்பு" என்று காதில் சொல்வாள். வீட்டிலும் எல்லாம் அவள்தான். நான் ஒரு பாத்திரம் தேய்த்தால், "நீங்க செஞ்சா நான் இன்னொரு தடவை செய்யணும், சும்மா உக்காருங்க" என்பாள். கோபமாகச் சொல்ல மாட்டாள், வேடிக்கையாகத்தான் சொல்வாள். நானும் சும்மா உட்கார்ந்திருந்தேன். மாமியார் வந்தால் என்னைத் தாண்டிப் பார்த்துத்தான் பேசுவார். அந்த வீட்டில் நாற்காலி மேசை போல நானும் ஒருவன்.

லேபின் ஈரப் படியில் அவள் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. வீக்கம் வற்றியது, வலி மட்டும் போகவில்லை. கழுத்தில் பிடித்துத் தோள் வழியாக விரல் நுனிவரை இறங்கும். எக்ஸ்ரே, ஸ்கேன் எதில் பார்த்தாலும் ஒன்றும் இல்லை என்றார்கள் டாக்டர்கள். அவள் அம்மாவே, "எல்லாம் மனசுதான்டி, வேற ஒண்ணுமில்ல" என்றார். அன்றைக்கு நான் வாயைத் திறந்தேன். "அத்தை, இது நிஜமான வலி. நம்பாதவங்க இந்த வீட்டுக்கு வர வேணாம்" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அப்படி ஒருவர் என்னைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அதன்பின் எல்லாம் நான்தான். சமையல், துணி, அவளுக்குத் தலைவாரிப் பின்னுவது, முதுகுப் பக்கம் கொக்கி மாட்டிவிடுவது, வெந்நீர்ப் பை. முடியை மூன்று பிரியாகப் பிரித்து இழுக்காமல் பின்னக் கற்றுக்கொண்டேன். மாமியார் வாயாலேயே, "மாப்பிள்ளை தங்கம்" என்று வந்தது. தெருவில், கடைகளில், அவள் லேபில், எல்லோரும் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். உள்ளறையிலிருந்து "என்னங்க" என்று ஒரு குரல் வரும். மெல்லிய, இறங்கிய குரல். அது கேட்டதும் எனக்குள் ஒரு நிம்மதி பரவும். அவள் வலியில் கூப்பிடுகிறாள் என்பதும் தெரியும், நிம்மதியும் பரவும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகுதான் பிசியோ மேடம் வந்தார்.

அவர் சொன்னது சின்ன விஷயம். வலி இல்லாத நாளில் இந்த மாதிரி ஆட்கள் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வார்கள், அடுத்த பல நாள் படுத்துவிடுவார்கள். எப்போது மறுபடி வருமோ என்ற பதட்டத்தில் தோள் இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பதட்டம் கூடும். அதை அறுக்க ஒரே வழி, நேரம் வைத்து வேலை செய்வது. "உடம்பு சொல்றதை இப்போதைக்குக் கேக்காதீங்க. அது ஒரு நாள் முடியும்னு பொய் சொல்லும், ஒரு நாள் முடியாதுன்னு பொய் சொல்லும். மணி சொல்றதைக் கேளுங்க. மணி அடிச்சா பாதியில இருந்தாலும் கீழ வைங்க. அடிக்கிற வரைக்கும் பயப்படாதீங்க. பயம் வந்தா மூச்சை மெதுவா விடுங்க, தோளை இறக்குங்க."

கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்வதும் பதட்டம்தான் என்று சொன்னார். அதனால் அவள் உட்காருகிற அறையின் சுவர்க் கடிகாரத்தை நானே கழற்றி எடுத்தேன். அவள் போனைச் சமையலறையில் வைத்தேன். கோழி வடிவத்தில், சாவியைத் திருகி நேரம் வைத்தால் அந்த நேரத்தில் அடிக்கிற மணி ஒன்று வாங்கி வந்ததும் நான்தான். அப்போது என் மனதில் ஒன்றும் இல்லை. தயவுசெய்து இதை மட்டும் நம்புங்கள்.

அவளுக்குக் கோழியைப் பிடித்துப் போய்விட்டது. மணி அடித்தால், "கோழி கத்திடுச்சு, இதோ எந்திரிக்கிறேன் முதலாளியம்மா" என்று எழுந்துவிடுவாள். யாராவது வந்து வளவளவென்று பேசினால், "கோழி திட்டும்" என்று சொல்லி உள்ளே போய்ப் படுத்துக்கொள்வாள். முன்பெல்லாம் முடியாது என்று சொல்லவே தெரியாதவள். என் கண் முன்னால் அவள் தேறினாள். முகத்தில் ரத்தம் ஊறியது. பாட்டு முணுமுணுத்தாள். நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷப்பட்டதாகத்தான் நினைத்தேன்.

ஒரு காலையில் வழக்கம்போல் சீப்பை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் போனேன். அவள் திரும்பினாள். பின்னல் முடிந்து தோளில் கிடந்தது. கொஞ்சம் கோணலாக இருந்தது. "எப்படி?" என்றாள், பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி. நல்லாயிருக்கு என்றேன். சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்று தெரியவில்லை. பிறகு நான் சமைத்துக்கொண்டிருந்தபோது அவள் சமையலறைக்கு வந்தாள். என் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டு, "நீங்க சும்மா உக்காருங்க" என்றாள்.

அந்த வாரமே லேப்காரர் வந்தார். அரை நாள் வேலை, மூலையில் காற்றோட்டமான இடம், உனக்கேற்ற நாற்காலி என்றார். ஒரு நாள் வந்து உட்கார்ந்து பார், முடிந்தால் தொடர்ந்து வா, உனக்காகத்தான் இடத்தை வைத்திருக்கிறேன் என்றார். அவள் அழுதுவிட்டாள். அவளுக்கு அந்த லேப்தான் எல்லாம். வலியைவிட, கை சும்மா கிடந்ததுதான் அவளை அரித்தது. அவள் வீட்டிலேயே பழக ஆரம்பித்தாள். மேசைமேல் மெழுகு, அச்சு, சின்னக் கத்தி, பக்கத்தில் கோழி.

குடும்பத்தார் வகுப்பில் என்னைப் போல் கவனித்தவர் யாரும் இல்லை. எது பதட்டம் தரும், பதட்டம் எப்படி வலியாக மாறும் என்று மேடம் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். வலிக்காரரைக் காப்பாற்றத் தெரிந்தவனுக்கு மற்றதும் தெரிந்துவிடுகிறது. முதலில் சின்னதாகத்தான் செய்தேன். அவள் நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, லேபில் புதிதாக ஒரு கெட்டிக்காரப் பெண் வந்திருக்கிறாளாம் என்றேன். அவள் அம்மா உடம்புக்கு முடியாமல் குரல் கம்மிப் பேசினார் என்றேன். அவள் கண்ணை மூடி, தோளை இறக்கி, "சரி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். பாடத்தை நன்றாகப் படித்திருந்தாள். என் பேச்சு எதுவும் அவள் தோளுக்குப் போய்ச் சேரவில்லை.

கோழியின் சாவி இறுகுகிறது, எண்ணெய் விடுகிறேன் என்று சொல்லி ஒரு மதியம் அதை என் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அதன் உள்ளே இடமும் வலமும் ஆடுகிற சின்னத் தகடு ஒன்று இருக்கிறது. அந்த ஆட்டம்தான் நேரம். தகட்டின் முனையில் ஒரு துளி ஈயம் வைத்தால் ஆட்டம் கனத்துவிடும். கோழி அதேபோல் டிக் டிக் என்றுதான் ஓடும், ஆனால் மெதுவாக ஓடும். கால் மணிக்குத் திருகினால் கால் மணியைத் தாண்டித்தான் கத்தும். கொஞ்சம்தான் தாண்டும். வேறு கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். அந்த அறையில் கடிகாரம் இல்லை.

கை நடுங்கியதா என்று கேட்பீர்கள். இல்லை. என் தொழிலில் கை நடுங்கக் கூடாது.

சில நாட்களில் அவளுக்கு வலி திரும்பியது. "கோழி கத்துறதுக்கு முன்னாடியே விரல் குத்துதுங்க" என்றாள். நான் வெந்நீர்ப் பை வைத்தேன். மேடத்திடம் சொன்னாள். மேடம் யோசித்துவிட்டு, வேலைக்குத் திரும்பப் போகிறோம் என்ற பதட்டமாக இருக்கும், அதற்குப் பயந்து நிறுத்தினால் பயம்தான் ஜெயிக்கும், நேரத்தை வேண்டுமானால் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மணி அடிக்கும்வரை இருங்கள் என்றார். அவர்மேல் தப்பில்லை. கோழி பொய் சொல்லும் என்று எந்தப் படிப்பில் சொல்லிக் கொடுப்பார்கள்.

அவள் நேரத்தைக் குறைத்தாள். நான் இன்னொரு துளி வைத்தேன்.

இதன்பின் நடந்ததைச் சொல்லத்தான் எனக்கு நாக்கு கூசுகிறது. மேடம் கற்றுக்கொடுத்த அத்தனையையும் அவள் அந்த அதிகப்படி நேரத்தைத் தாங்குவதற்குச் செலவழித்தாள். கதவிடுக்கில் நின்று பார்ப்பேன். கண்ணை மூடுவாள், மூச்சை மெதுவாக விடுவாள், தோளை இறக்குவாள், வலிக்கிற கையால் மெழுகில் பல்லை நடுவாள். உதடு மட்டும் அசையும். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல, கோழி கத்தற வரைக்கும்தான்." நெற்றியில் வியர்வை துளிர்க்கும். கோழி கத்தாது. அவள் உடம்பு அவளிடம் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அது பொய் சொல்கிறது என்று நினைத்து அவள் அதை அடக்கிக்கொண்டிருந்தாள். போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் கால் நகரவில்லை. கூனிக் குறுகி நின்றேன், ஆனாலும் நின்றேன். கடைசியில் மணி அடிக்கும். அப்புறம் "என்னங்க" என்ற குரல் வரும். நான் ஓடுவேன்.

லேபுக்குப் போகிற நாள் வந்தது. பின்னல் நான்தான் போட்டேன். அவளால் கையைத் தூக்க முடியவில்லை. போக வேண்டாம் என்று நான் சொன்னதாக மாமியாரிடம் பிறகு சொன்னேன். அப்படிச் சொல்லவில்லை. கோழியைத் துணியில் சுற்றி அவள் பையில் வைத்து அனுப்பினேன்.

லேப்காரர் சொல்லித்தான் மற்றதெல்லாம் தெரியும். அவள் ஒரு பெரியவருக்கான பல்செட்டை மினுக்கிக்கொண்டிருந்தாளாம். அவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாராம். பேத்தி வீட்டு விசேஷத்துக்குச் சிரித்துக்கொண்டு போக வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாராம். அவள் முகம் வெளுத்ததைப் பார்த்து, "போதும்மா, எந்திரி" என்று லேப்காரர் சொல்லியிருக்கிறார். "இன்னும் கோழி கத்தலை சார்" என்றிருக்கிறாள். சுவரில் பெரிய கடிகாரம் இருந்தது. அதையும் பார்த்திருக்கிறாள், கோழியையும் பார்த்திருக்கிறாள், மறுபடி குனிந்துகொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் விரல்கள் அப்படியே மடங்கிப் பூட்டிக்கொண்டன. பல்செட் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. அந்தப் பெரியவர் பொக்கை வாயோடு எழுந்து வந்து, "பரவாயில்லம்மா, பரவாயில்ல" என்றாராம். அவர் அப்படிச் சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

லேப்காரர் நல்ல மனுஷர். உடம்பு தேறட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்த அப்புறத்துக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கும் தெரியும். பிறகு மூலையில் இருந்த அந்த நாற்காலியில் வேறொரு பெண்ணை உட்கார வைத்துவிட்டார். நான் சொன்ன கெட்டிக்காரப் பெண் உண்மையாகவே வந்துவிட்டாள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதுவரை சொன்னதைக்கூட ஏதோ புத்தி கெட்டுப்போய்ச் செய்தேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். இதற்கு அப்படிச் சொல்ல வழியில்லை.

இரண்டு நாள் கழித்துப் படுக்கையிலிருந்தபடியே பையைத் துழாவிக் கோழியை எடுத்தாள். என்னிடம் நீட்டினாள். "என்னங்க, இது மெதுவா ஓடுதோன்னு தோணுது. லேப் கடிகாரம் அதுக்குள்ள எங்கேயோ போயிடுச்சு, இது கத்தவே இல்ல. ஊர்த் தராசெல்லாம் சரி பண்றவரு நீங்க, இதைக் கொஞ்சம் பாருங்களேன்."

அவள் கண்ணில் சந்தேகம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. ஒரு நம்பிக்கை மட்டும் இருந்தது. கோழி தப்பு என்றால் அவள் உடம்பு தப்பில்லை. கோழி தப்பு என்றால் எழுந்து உட்கார்ந்து மறுபடி ஆரம்பிக்கலாம். நான் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னைக் காட்டிக் கொடுக்கக்கூட வேண்டியதில்லை. ஆமாம்மா, மெதுவாத்தான் ஓடுது, சாமான் சரியில்ல என்று சொல்லியிருந்தால் போதும்.

பட்டறைக்கு எடுத்துப் போனேன். திறந்து பார்த்தேன். இரண்டு துளி ஈயமும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. அந்தக் கடைக்காரர் தலையைத் தொங்கப்போட்டு நின்றது நினைவுக்கு வந்தது. சுற்றிலும் ஆட்கள் நின்றதால்தான் அவர் தலை குனிந்தார். என் பட்டறையில் யாரும் இல்லை.

ஈயத்தைச் சுரண்டி எடுத்தேன். கடிகாரத்தோடு வைத்து ஓடவிட்டுப் பார்த்தேன். மிகச் சரியாக ஓடியது. வீட்டுக்கு வந்து, சுவர்க் கடிகாரத்தையும் அலமாரியிலிருந்து எடுத்து, இரண்டையும் அவள் கண்ணெதிரே வைத்து ஓடவிட்டேன். சரியான நேரத்தில் கோழி கத்தியது.

"பாரு. இது சரியாத்தான் ஓடுது. உனக்குத்தான் அப்படித் தோணியிருக்கு" என்றேன்.

அவள் கோழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்குத்தானா" என்றாள். பிறகு, "அம்மா சொன்னது சரிதான் போல. எல்லாம் மனசுதான்" என்றாள்.

அன்று மாமியாரை எதிர்த்துச் சண்டை போட்ட அதே அறை அது. நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

இப்போது அவள் கோழிக்குச் சாவி கொடுப்பதில்லை. மெழுகையும் கத்தியையும் ஒரு டப்பாவில் போட்டு மேலே ஏற்றிவிட்டாள். பசிக்கிறதா, தூக்கம் வருகிறதா, எங்கே வலிக்கிறது என்று கேட்டால்கூட, "தெரியலைங்க, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்கிறாள். நான் பார்த்துச் சொல்கிறேன். தினமும் பின்னல் போடுகிறேன். கோணல் இல்லாமல் நேராக இருக்கும். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்காமல் பின்னப் பழகிவிட்டேன். என்னால் அவளை மட்டுமல்ல, ஒரு கடையின் தராசைக்கூட நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கடைக்காரர்கள் தேவைக்கு மேல் உபசரித்தால், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, தராசைத் தொடாமல் எழுந்து வந்துவிடுகிறேன். வெட்கம் என்பது முகம் சிவந்து போய்விடுகிற விஷயம் என்று நினைத்திருந்தேன். அது போவதில்லை. சாப்பிடும்போதும் கூட உட்கார்ந்திருக்கிறது.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு காலையும் சீப்போடு போகிறேன். சொன்னால் அவளுக்கு அவள் உடம்பு திரும்பக் கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். வாய்வரை வரும். அதற்குள் அவள் "என்னங்க" என்பாள். தோள் இறுகியிருக்கும், முகம் வெளுத்திருக்கும். இந்த நிலையில் எப்படிச் சொல்வது. நான் வகுப்பில் ஒழுங்காகப் பாடம் கேட்டவன்.

அதனால் நீங்களும் அவளிடம் எதுவும் சொல்லிவிடாதீர்கள். அதிர்ச்சி அவளுக்கு ஆகாது, வலி கூடிவிடும்.